ஆசியாவுக்கு எட்டு இடம், எங்களுக்கு இரண்டு ஆட்டம்

கேள்வி: 15 ஒக்ரோபர் 2025, குருநகரிலிருந்து ஒரு வாசகர்

மாஸ்ரர், கட்டாரும் சவூதியும் நேற்றிரவு உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றுவிட்டன. முன்னர் நாலரை இடம் (அரை என்றால் வேறு கண்டத்து அணியுடன் மோதிப் பெறவேண்டிய இடம்) வைத்திருந்த ஆசியாவுக்கு இப்போது எட்டு இடம். பெரிய அணி எதுவும் வெளியே போகாது என்று தெரிந்த பிறகு தகுதிகாண் ஆட்டங்களுக்காக நித்திரை முழிப்பதில் என்ன சுவை இருக்கிறது?

15 ஒக்ரோபர், இரவு

சுவை குறைந்துவிட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஜப்பான் இவ்வாண்டு மார்ச் 20 ஆம் திகதி சைத்தாமாவில் பஹ்ரைனை 2-0 என்று வென்று, இன்னும் மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே தகுதி பெற்றது. போட்டியை நடத்தும் மூன்று நாடுகளையும் விட்டுப் பார்த்தால் உலகிலேயே முதலில் இடம் பிடித்த அணி அதுதான். அந்த மூன்று ஆட்டங்களையும் பார்த்தபோது தேர் முடிந்த மறுநாள் கோயில் வீதியில் நிற்பது போல் இருந்தது. கட்டாரும் சவூதியும் தங்கள் குழுக்களில் முதல் இரண்டு இடங்களுக்குள் வரத் தவறிய பிறகும், நான்காவது சுற்று என்று இன்னொரு வாசல் அவற்றுக்காகத் திறந்திருந்தது. உஸ்பெகிஸ்தானும் ஜோர்தானும் முதற்தடவையாக உலகக் கிண்ணத்துக்குச் செல்வதும் இடங்கள் கூட்டப்பட்டதால் கிடைத்த சலுகைதான்.

16 ஒக்ரோபர், காலை

நேற்றிரவு எழுதிய கடைசி வசனத்தைத் திரும்பப் பெறுகிறேன். நித்திரைக் கலக்கத்தில் எழுதியது.

பழைய முறையில் இறுதிச் சுற்றில் 12 அணிகள் ஆறு ஆறாக இரண்டு குழுக்களில் மோதின; ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் நேரடியாகச் சென்றன. இம்முறை 18 அணிகள் மூன்று குழுக்களில் மோதின. அங்கும் முதல் இரண்டு அணிகளே நேரடியாகச் சென்றன. ஆறு பேரில் இரண்டாவதாக வா என்ற நிபந்தனையில் மாற்றமில்லை. உஸ்பெகிஸ்தான் ஈரானுக்கு அடுத்ததாகவும், ஜோர்தான் தென்கொரியாவுக்கு அடுத்ததாகவும் வந்து அந்த நிபந்தனையை நிறைவேற்றின. குழுக்கள் முன்னரைவிடச் சற்று நீர்த்துப் போயின என்று வாதிடலாம். ஆனால் உஸ்பெகிஸ்தான் பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. அதைச் சலுகை என்று சொன்னது என் தவறு.

இவ்விரு அணிகளுக்குமிடையில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 2013 செப்ரெம்பரில், அடுத்த கட்டத்துக்குப் போகும் ஒற்றை இடத்துக்காக இவை மோதிக்கொண்டன. இரண்டு ஆட்டங்களும் 1-1. தாஷ்கந்தில் தண்ட உதைகளில் ஜோர்தான் 9-8 என்று வென்று, உருகுவேயிடம் போய் அம்மானில் ஐந்து கோல்கள் வாங்கியது. அதே ஆண்டு யூனில்தான் உஸ்பெகிஸ்தான் ஒரேயொரு கோல் வித்தியாசத்தில் நேரடித் தகுதியைத் தென்கொரியாவிடம் இழந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 யூன் 5 ஆம் திகதி, இரண்டும் ஒரே நாளில் உள்ளே நுழைந்தன. அபுதாபியில் உஸ்பெகிஸ்தான் 0-0 என்று சமநிலை பெற்றது. மஸ்கற்றில் ஜோர்தானுக்காக அலி ஒல்வான் மூன்று கோல்கள் அடித்தார்.

16 ஒக்ரோபர், மாலை

குருநகர் வாசகர் கேட்கிறார்: "அப்படியானால் கட்டாருக்கும் சவூதிக்கும் கிடைத்தது சலுகை இல்லையா?"

அது சலுகைதான். நாட்காட்டியைப் பாருங்கள். நான்காவது சுற்றை நடத்தியவை அவ்விரு நாடுகள். இரண்டும் 8 ஆம் திகதி ஆடின, பிறகு 14 ஆம் திகதி ஆடின. கடைசி ஆட்டத்தில் அவற்றை எதிர்த்த ஐக்கிய அரபு அமீரகமும் ஈராக்கும் 11 ஆம் திகதி ஆடி, மூன்றே நாளில் மறுபடியும் இறங்கின. ஈராக்கும் சவூதியும் 0-0 என்று முடித்துப் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமமாக நின்றபோது, இந்தோனேசியாவை சவூதி 3-2 என்றும் ஈராக் 1-0 என்றும் வென்றிருந்ததால், கூடுதலாகக் கோல் அடித்த சவூதி போனது. இரண்டு கோல் வாங்கியவன் போகிறான், ஒரு கோலும் வாங்காதவன் நிற்கிறான். எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டியில் இப்படி நடந்திருந்தால் மைதானத்து வேலி மிஞ்சியிராது.

18 ஒக்ரோபர்

ஈராக் என்றதும் 1993 நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஆசியாவுக்கு இருந்தவை இரண்டு இடங்கள். ஆறு அணிகளை டோஹாவுக்கு அழைத்து, எல்லாரையும் எல்லாருடனும் ஆடவிட்டார்கள்.

அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற்போய் மூன்று ஆண்டுகள். மின்கலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அந்த விலைக்கு வாங்க முடியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயரை வானொலிக்கு இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்போம். சுற்றுபவரின் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். ஒக்ரோபர் 28 ஆம் திகதி இரவு, ஈராக்குக்கு எதிராக ஜப்பான் 2-1 என்று முன்னணியில் இருக்கிறது, ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது என்று கேட்டதும் நான் பெடலை விட்டுவிட்டேன். மறுநாள் பாடசாலையில், ஜப்பான் முதற்தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போகிறது என்று பத்தாம் வகுப்புக்கு ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். இடைவேளையில் சக ஆசிரியர் ஒருவர் வந்து, கடைசி நிமிடத்தில் ஒரு கோணர் கிக்கிலிருந்து ஜாஃபர் ஓம்ரான் தலையால் மோதிச் சமப்படுத்திவிட்டார், ஜப்பான் வெளியே, தென்கொரியா கோல் வித்தியாசத்தில் உள்ளே என்று சொன்னார். அடுத்த பாடத்துக்கு அதே வகுப்புக்குப் போக நேர்ந்தது. அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அன்று ஜப்பானின் நடுக்களத்தில் நின்றவர்களில் ஒருவர் ஹஜிமே மொறியாசு. இவ்வாண்டு மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கத் தகுதி பெற்ற ஜப்பானின் பயிற்றுநரும் அவர்தான்.

19 ஒக்ரோபர்

நேற்றைய குறிப்பை வாசித்த என் துணைவியார், அன்றிரவு பெடலைச் சுற்றியது தாம்தான் என்றும், கை வலித்து விட்டதும் தாம்தான் என்றும், நான் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தேன் என்றும் கூறுகிறார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக வேறு மாதிரிச் சொல்லி வந்திருக்கிறேன். அவர் சொல்வதே சரியாக இருக்கக்கூடும்.

23 ஒக்ரோபர்

இடம் குறைவாக இருந்த காலத்தில் ஆட்டம் நேர்மையாக நடந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இடம் குறைவாக இருந்ததால் ஒரு விசிலுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு 2005 ஐச் சொல்கிறேன். அதில் எனக்குச் சொந்தக் காயமும் உண்டு.

அவ்வாண்டு செப்ரெம்பர் 3 ஆம் திகதி தாஷ்கந்தில் உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனை எதிர்த்து 1-0 என்று முன்னணியில் இருந்தபோது ஒரு தண்ட உதை கிடைத்தது; அது கோலும் ஆனது. உதைக்கும் முன்னரே உஸ்பெக் வீரர் ஒருவர் பெட்டிக்குள் ஓடிவிட்டார். பந்து கோலுக்குள் போயிருந்தால் விதிப்படி உதையை மீண்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். ஜப்பானிய மத்தியஸ்தர் தொஷிமிற்சு யொஷிடா பஹ்ரைனுக்குப் பிறீ கிக் கொடுத்தார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. வென்ற உஸ்பெகிஸ்தான் முறையிட்டு, தங்களுக்கு 3-0 வெற்றி தரவேண்டும் என்று கேட்டது. ஃபிபாவோ முழு ஆட்டத்தையும் இரத்துச் செய்து, மீண்டும் ஆடுங்கள் என்றது. மறு ஆட்டம் 1-1; மனாமாவில் 0-0; எதிரணி மைதானத்தில் அடித்த கோலின் கணக்கில் பஹ்ரைன் போனது. கையிலிருந்த வெற்றியைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தோற்றவர்கள் என்று உஸ்பெக்காரரை இன்றும் சொல்லலாம். பஹ்ரைனும் அதற்கப்பால் போகவில்லை. ட்ரினிடாட் அன்ட் டொபாகோவிடம் தோற்றது.

இச்செய்தியை ஒரு தேநீர்க் கடையில் வாசித்தபோது எனக்குக் கிளாஸ் கையில் நிற்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, வடமராட்சியில் ஒரு கிராமத்துச் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில், அதே தவறை அச்சொட்டாக நானும் செய்திருந்தேன். சுண்ணாம்புத் தூள் தீர்ந்துபோனதால் அடுப்புச் சாம்பலால் கோடு போட்டிருந்தார்கள். தண்ட உதை எடுக்கப்படும்போது உதைப்பவரின் கூட்டாளி ஒருவர் கோட்டை மிதித்து உள்ளே வந்தார். சாம்பலில் அவருடைய குதிக்கால் தடம் தெளிவாகத் தெரிந்தது. பந்து கோலுக்குள் போனது. கோலை மறுத்துத் தடுக்கும் அணிக்குப் பிறீ கிக் கொடுத்தேன். அந்த ஒரு கோலால் உதை எடுத்த அணி தோற்றது. மைதானத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் விதி தெரியாது. எனக்கும் தெரியாது என்பது இரவு விதிப்புத்தகத்தைத் திறந்தபோதுதான் விளங்கியது. ஓராண்டு வாய் திறக்கவில்லை.

யொஷிடாவின் செய்தியை வாசித்த பிறகு, தோற்ற அணியின் தலைவராக இருந்த இளைஞரைத் தேடினேன். அவர் கனடாவுக்குப் போயிருந்தார். இலக்கம் வாங்கித் தொலைபேசியில் பேசி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது: "பனால்ரி ஞாபகமில்லை சேர். தோத்த ரீம் எண்டு எங்களுக்குச் சோடா தராமல் அனுப்பினதுதான் ஞாபகம்."

24 ஒக்ரோபர்

எந்தக் கிராமம், எந்தக் கழகம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். சோடா கொடுக்காதவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

30 ஒக்ரோபர்

இத்தனை நாளும் மேல் வீட்டுக் கதையே பேசிக்கொண்டிருந்தோம். கேள்வி கேட்டவரும் நானும் இலங்கைக்காரர். எங்கள் அணியை வைத்து இந்த எட்டு இடத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று இரண்டு நாட்களாகக் கணக்குப் போட்டேன்.

2015 மார்ச்சில் முதற்சுற்றில் எங்களுக்குக் கிடைத்த எதிரணி பூட்டான், அதாவது அப்போது உலகத் தரவரிசையின் கடைசி அணி. கொழும்பில் 0-1, திம்புவில் 1-2 என்று இரண்டிலும் தோற்றோம். அந்த ஆண்டு யாரிடமும் உதைபந்தாட்டம் பேசாமல் திரிந்தேன். பிறகு அதே பூட்டான் கட்டாரிடம் 15 கோல்கள் வாங்கியபோது மனதுக்குள் சிரித்தேன். நாங்கள் போயிருந்தாலும் அதே நிலைதானே என்று நினைத்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

2019 யூனில் மக்காவோவுடன் முதலாட்டத்தில் 0-1 என்று தோற்றோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் பாதுகாப்பைக் காரணங்காட்டி மக்காவோ கொழும்புக்கு வர மறுத்தது. 3-0 என்று வெற்றி எங்களுக்கு எழுதப்பட்டது. மேசையில் கிடைத்த வெற்றி என்று கேலி செய்தவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கேலியை இப்போது விழுங்கிக்கொள்கிறேன். ஏனென்றால் அந்த மேசை வெற்றியால்தான் தென்கொரியா, வடகொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான் ஆகிய நான்கு அணிகளுடன் ஒரே குழுவில் ஆடும் வாய்ப்பு வந்தது. ஹ்வாசொங்கில் தென்கொரியா எங்களுக்கு எட்டு கோல்கள் அடித்தது. கிம் ஷின்-வூக் ஒருவரே நான்கு. ஐந்தே நாள் கழித்து அதே தென்கொரியா பியொங்யாங்கில் வடகொரியாவுடன் மோதியபோது அரங்கில் இரசிகர் இல்லை, நேரடி ஒளிபரப்பும் இல்லை. 0-0 என்ற செய்தி மட்டும் வெளியே வந்தது. எங்கள் டைனமோக் காலத்தை நினைத்துக்கொண்டேன்.

2021 யூனில் லெபனானுக்கு எதிராக முதல் கோலை அடித்தது நாங்கள். பெர்லினில் பிறந்து எங்களுக்காக ஆடிய வசீம் ராசிக் இரண்டு கோல்கள் அடித்தார், 2-3 என்று தோற்றோம். முன்னர் ஆசியக் கிண்ணத்தில் ஆடிய ஓர் அணியை எங்கள் வீரர்கள் கடைசி நிமிடம் வரை விரட்டியதை அன்றுதான் பார்த்தேன். எட்டு கோல்கள் வாங்காமல் அந்த ஆட்டம் வந்திருக்காது என்பது என் நம்பிக்கை. நிரூபிக்க முடியாது, பாடசாலை அணிகளை முப்பது ஆண்டு பழக்கியவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

இனி 2023. எங்கள் நாட்டின் மீதிருந்த ஃபிபாவின் தடை ஓகஸ்ட் மாத இறுதியில்தான் நீங்கியது. ஒக்ரோபர் 12 ஆம் திகதி யேமனிடம் 0-3, 17 ஆம் திகதி கொழும்பில் 1-1. முடிந்தது. உலகக் கிண்ணம் தொடங்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் இருக்க, ஐந்து நாள் இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களுடன் எங்கள் கதை முடிந்துவிட்டது.

என்னை உறுத்துகிற கணக்கு இதுதான். நாலரை இடம் இருந்த காலத்தில் முதற்சுற்றில் 12 அணிகள் மோதி 6 அணிகள் வெளியேறின. 40 அணிகள் குழுச் சுற்றுக்குப் போயின. குழுவுக்கு ஐந்து அணிகள், ஒவ்வோர் அணிக்கும் எட்டு ஆட்டங்கள். எட்டு இடமாகக் கூட்டிய பிறகு முதற்சுற்றில் 20 அணிகள் மோதி 10 அணிகள் வெளியேறின. 36 அணிகளே குழுச் சுற்றுக்குப் போயின. குழுவுக்கு நான்கு அணிகள், ஆறு ஆட்டங்கள். மாடியில் அறைகளைக் கூட்டியவர்கள் கீழே வாசற்படியை இடித்துவிட்டார்கள். குருநகர் வாசகர் சுவை குறைந்தது என்கிறார். சுவை பார்க்க எங்களுக்கு இலையே போடவில்லை என்கிறேன் நான்.

1 நவம்பர்

"இரண்டு ஆட்டங்களுடன் முடிந்துவிட்டது என்று எழுதியது முழு உண்மையில்லை, மாஸ்ரர்." பாசையூர் நண்பர் ஒருவர் பிடித்துவிட்டார். ஏற்றுக்கொள்கிறேன். முதற்சுற்றில் தோற்ற அணிகளில் சில ஆசியக் கிண்ணத் தகுதிகாணுக்கான இடைச் சுற்றுக்கு அனுப்பப்பட்டன. அங்கே 2024 செப்ரெம்பரில் எங்கள் அணி கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று குழுச் சுற்றுக்குள் போனது. அதை விட்டுவிட்டது தவறு. ஆனால் அது ஆசியக் கிண்ணத்துக்கான பாதை; தென்கொரியா போன்ற அணி அந்தப் பாதையில் வராது, அதற்கு ஏற்கெனவே இடம் உண்டு. பெரியவனுடன் மோதிப் பார்க்கும் வாய்ப்பு போனது என்பதில் மாற்றமில்லை.

3 நவம்பர்

ஆசிய சம்மேளனத்தை இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதிச் சுற்றுப்போட்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அட்டவணை போட்டுக் கொடுப்பவன் நான். எப்போதும் விலகல் முறைதான். தீவுப் பகுதியிலிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏறி வரும் ஒரு கழகம் முதல் நாள் 0-4 என்று தோற்று, கால் சேறு காயுமுன் திரும்பிப் போகும். அடுத்த ஆண்டு அவர்கள் வருவார்களா என்று நான் கேட்டதில்லை. சில கழகங்கள் வரவில்லை. மைதானம் கிடைக்கும் நாட்கள் குறைவு, மத்தியஸ்தருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. சம்மேளனத்துக்கும் விமானச் செலவு, அரங்கத்தின் தரம் என்று காரணங்கள் இருக்கும்.

14 நவம்பர்

நான்காவது சுற்றில் இரண்டாமிடம் பெற்ற அமீரகமும் ஈராக்கும் இப்போது மோதுகின்றன. அபுதாபியில் 1-1. ஈராக்குக்கு இனி பஸ்ராவில் ஓர் ஆட்டம். மாரி மழை, பின்வளவு முழுக்க வெள்ளம்.

19 நவம்பர்

சுவை இல்லை என்று தொடங்கிய குருநகர் வாசகர் நேற்றிரவு தூங்காமல் இருந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நள்ளிரவு நெருங்கும்போது எனக்கு வந்த குறுஞ்செய்திகள் அதற்குச் சாட்சி. அமீரகம் முதலில் அடித்தது. மொஹனட் அலி சமப்படுத்தினார். 90 நிமிடங்கள் முடிந்து, மேலதிக நேரமும் நீண்டு நீண்டு போய், பதினேழாவது நிமிடத்தில் ஒரு தண்ட உதை. அமீர் அல்-அம்மாரி பந்தை வைத்துப் பின்னுக்கு நடந்தபோது என் துணைவியார் அறையிலிருந்து, "ஆராவது பெட்டிக்குள்ள முந்தி ஓடுறானோ எண்டு பாருங்கோ" என்றார். ஒருவரும் ஓடவில்லை. கோல். 2-1. 1986 இற்குப் பிறகு உலகக் கிண்ணத்தைக் காணாத ஈராக்குக்கு, கண்டங்களுக்கிடையிலான தகுதிகாணில் இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

காலையில் தைப்பொங்கல் சுற்றுப்போட்டியின் செயலாளர் அட்டவணைக்காக வந்தார். பதினாறு கழகங்கள். விலகல் முறையென்றால் 15 ஆட்டங்கள், நாளுக்கு இரண்டாக எட்டு நாட்கள். நாளிதழின் ஓரத்தில் வேறொரு கணக்கைப் போட்டுக் காட்டினேன்: நான்கு நான்காக நான்கு குழுக்கள், குழு ஆட்டங்கள் 24, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, மொத்தம் 27, பதினான்கு நாட்கள். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்துவிட்டு, "27 ஆட்டத்துக்கு ஆர் விசில் ஊதுறது, மாஸ்ரர்?" என்று கேட்டார். முதல் ஆறு நாட்களும் நான் ஊதுவதாகச் சொல்லியிருக்கிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூச வேண்டும். தோற்ற அணிக்கும் சோடா என்று அட்டவணையின் அடியில் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன்.